சட்டம் காக்குமா, நாமே காத்துக்கொள்வதா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். அதன் பெயரைச் சொன்னதும் ஏலக்காய் மணம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஊருக்கு மேற்கே நெடுஞ்சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் மலைகளில் விளையும் ஏலக்காய், மூட்டை மூட்டையாக இறங்கி வந்து இங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. அந்த மலைச்சுவரின் காலடியில் குரங்கணி என்னும் சிற்றூர் உண்டு. மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்தச் சிற்றூரில் நிகழ்ந்த ஒரு துயரத்தைப் பற்றியும், அது நம்முன் நிறுத்தும் ஒரு கேள்வியைப் பற்றியும் பேசுகிறது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இரண்டு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர். பிற்பகலில் மலைச்சரிவின் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மலைக்கிராமத்து மக்கள்தாம் முதலில் உதவிக்கு ஓடினார்கள். பின்னர் அரசுத் துறையினரும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அன்று அங்கேயே இறந்தவர்களும், பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களுமாக 23 உயிர்கள் போயின.

துயரம் ஆறுமுன்னே வாதம் எழுந்தது. அந்தத் தடத்தில் செல்ல முறையான அனுமதி பெறவில்லை என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. "தீ எரியும் பருவத்தில் மேலே போக விட்டது யார்?" என்று மற்றொரு தரப்பு கேட்டது. "தம்மைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு அவரவருக்கு இல்லையா?" என்றனர் சிலர். "விதி வகுத்துக் காக்க வேண்டியது அரசின் கடமை இல்லையா?" என்றனர் வேறு சிலர்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? அப்படி இல்லை என்பதே என் கருத்து. ஏன் என்பதை நெருப்பிடமிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

நெருப்பின் கணக்கு

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, எரியும் முனை மேலே இருக்கும்படி நேராகப் பிடியுங்கள். சுடர் மெதுவாகக் கீழிறங்கும். எரியும் முனையைக் கீழ்நோக்கிச் சாய்த்தாலோ, சுடர் விறுவிறுவென்று விரல்வரை ஏறிவிடும். வெப்பக் காற்று மேலே எழுகிறது. சுடர் தனக்கு மேலுள்ள எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தி வைத்துவிடுகிறது. மலைச்சரிவில் நிகழ்வதும் இதுதான். கீழே எரியும் தீ, மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, வெப்பக் கதிர்வீச்சாலும் வெப்பச் சலனத்தாலும் அதைத் தயார் செய்துகொண்டே ஏறுகிறது.

ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயை ஆராய்ந்த ஆலன் மக்கார்தர் என்னும் அறிஞர் எளிய கணக்கு ஒன்றைத் தந்திருக்கிறார். சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சமவெளியில் ஒரு மடங்கு என்றால் 10 பாகைச் சரிவில் இரண்டு மடங்கு. 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு. மனிதனோ சரிவு கூடக்கூட மெதுவாகத்தான் ஏற முடியும். ஆகவே மேல்நோக்கி ஓடுகிறவன், தன் வேகம் குறையக் குறைய எதிரியின் வேகம் கூடிக்கொண்டே போகும் ஒரு பந்தயத்தில் இறங்கியிருக்கிறான்.

இத்துடன் பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். மார்ச்சில் கிழக்குச் சரிவுகள் காய்ந்து கிடக்கும். பருத்த கட்டை உலர வாரக்கணக்கில் ஆகும். 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள புல்லும் சருகும் ஒரு மணி நேரத்திலேயே சுற்றியுள்ள காற்றின் வறட்சியைத் தாமும் அடைந்துவிடும். பகலில் வெயிலால் சூடேறிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் வீசும். நண்பகலுக்குப் பிறகு புல்லின் வறட்சி, காற்றின் திசை, சரிவின் கோணம் மூன்றும் தீயின் பக்கம் சேர்ந்துகொள்கின்றன.

நகரத்திலிருந்து முதன்முறையாக மலைக்கு வரும் ஒருவருக்கு இவற்றில் எது கண்ணுக்குத் தெரியும்? அவர் காண்பது அழகிய பொன்னிறப் புல்வெளி. துணிவு, நல்ல உடல்நலம், கூரிய அறிவு எல்லாம் அவரிடம் இருக்கலாம். ஆனால், தெரியாத அபாயத்துக்கு ஒருவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

சாம்பலில் படுத்துப் பிழைத்தவர்

இனி, இதைப் போன்ற இன்னொரு புல்சரிவுக்குப் போவோம். 1949 ஆகஸ்டு 5ஆம் நாள், அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கு. தீயை அணைக்கப் பாராசூட்டில் குதித்த 15 வீரர்களும் அங்கிருந்த காவலர் ஒருவரும் மேல்நோக்கி ஓடினார்கள். தீ பின்னால் துரத்தி வந்தது. தலைவர் வாக்னர் டாட்ஜ் சட்டென்று நின்றார். தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார்! அது எரிந்து மேலே ஏறிச் சென்றதும், எரிந்து முடிந்த சாம்பலுக்குள் நுழைந்து குப்புறப் படுத்துக்கொண்டார். எரிவதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு பெருந்தீ போய்விட்டது. அவர் பிழைத்தார்.

மற்றவர்களையும் சாம்பலுக்குள் வரும்படி அவர் அழைத்தார். யாரும் வரவில்லை. தீயிலிருந்து தப்பத் தீ மூட்டும் மனிதரைக் கண்டு அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! அவர்கள் ஓடினார்கள். இருவர் மட்டும் மலைவிளிம்பின் பாறை இடுக்கு வழியாகத் தப்பினர். 13 பேர் மாண்டனர்.

இந்த நிகழ்ச்சியை நன்றாக எண்ணிப் பாருங்கள். டாட்ஜின் சமயோசித அறிவுக்கு ஈடில்லை. ஆனால் அது ஒருவரின் தலைக்குள் இருந்தது. தீ துரத்திவரும் அந்த நிமிடத்தில் இன்னொருவர் தலைக்குள் அதைப் புகுத்த வழியில்லை. முன்னரே பயிற்சியில் சொல்லப்பட்டிருந்தால்? ஒரு கட்டளையாக எழுதப்பட்டிருந்தால்? பிற்பாடு அமெரிக்க வனத்துறை இதையும் இதுபோன்ற வேறு பல தீ விபத்துகளையும் ஆராய்ந்து, 1957இல் தீயணைப்போருக்கு 10 நிலைக்கட்டளைகளை வகுத்தது. தப்பும் வழியை முன்கூட்டியே முடிவு செய்து எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும், அபாயம் இருக்கும்போது கண்காணிக்க ஆள் நிறுத்த வேண்டும் என்பவை அவற்றுள் சில.

விதி என்பது பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. நமக்கு முன் அந்த அபாயத்தைச் சந்தித்தவர்கள் விட்டுச் சென்ற அறிவு அது. அவர்களுக்குக் கிடைக்காத நேரம் நமக்குக் கிடைக்கட்டும் என்று எழுதி வைக்கப்பட்டது.

எழுதாத விதிகள்

"மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எந்த அரசாணையைப் படித்தார்கள்? அவர்கள் பிழைத்துக் கிடக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மலைக்குடியினர் எந்த மாதத்தில் எந்தச் சரிவில் போகலாம், எங்கே தண்ணீர் இருக்கும், எந்தப் பாறைமேல் ஒதுங்கலாம் என்று அறிந்தவர்கள். தாத்தா சொல்லித் தந்தை கேட்டு, தந்தை சொல்லிப் பிள்ளை கேட்டு வந்த அறிவு அது. அதுவும் விதிதானே? எழுதப்படவில்லை என்பதுதான் வேறுபாடு. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வெளியூர்க்காரருக்கு அந்தத் தாத்தா இல்லை. அவருக்குத் தாத்தாவின் இடத்தில் நின்று சொல்ல, ஒரு பலகையும் ஒரு வழிகாட்டியும் ஓர் அனுமதிச் சீட்டும் தேவைப்படுகின்றன.

குரங்கணித் துயரத்துக்குப் பின், 2018இலேயே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிகளை வகுத்தது. தடங்கள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024இல் வனத்துறையே 40 தடங்களைத் திறந்து, பதிவு செய்து செல்லும் முறையைக் கொண்டுவந்தது. மலைப்பகுதி மக்களே அங்கு வழிகாட்டிகளாக வருகிறார்கள். எழுதாத விதியும் எழுதிய விதியும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன. மலையை ஒரேயடியாகப் பூட்டிவிடுவதைவிட இது நல்ல வழி. பூட்டுவது அலுவலகத்துக்கு எளிது. ஆனால் பூட்டிய மலையைப் பற்றி இளைஞர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். மறுபக்கம் ஏறிக் குதிப்பவர்களும் இருப்பார்கள்.

சிவப்பு முக்கோணம்

காட்டிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வருவோம். தீயையாவது புகை காட்டிக்கொடுக்கும். புகையே இல்லாத அபாயமும் இந்த மலைகளில் உண்டு.

ஏலச்செடிக்குப் பகைகள் பல. இலைப்பேன் சுரண்டிய காய் சொறி பிடித்து விலைபோகாது. தண்டுத் துளைப்பான் தண்டையே குடைந்துவிடும். அதனால் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்வது. மேல்நோக்கி அடித்த மருந்து தூறல்போல் இறங்கி, அடித்தவர் மேலேயே படியும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன? நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள் அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். வியர்வை பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சு நிற்கும். மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. தோல் வழியாகவே புகும். தினந்தோறும் சிறிது சிறிதாகப் புகுந்தால், வெளியே எந்தக் குறியும் தோன்றுமுன்னே இரத்தத்தில் அந்த நொதி குறைந்திருக்கும். இரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும்.

இதற்கும் விதி உண்டு. அதுவும் ஒரு துயரத்தின் பிள்ளையே. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் மருந்தும் மாவும் ஒன்றாக வந்ததால் நேர்ந்த கொடுமை அது. அதன்பின் விசாரணைக் குழு அமைந்தது. 1968இல் பூச்சிமருந்துச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. மருந்துப் புட்டியில் நீங்கள் காணும் வண்ண முக்கோணம் அந்த விதிகளின்படி அமைந்ததுதான். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டும்படி வண்ணத்தால் சொன்ன எச்சரிக்கை இது. மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் தரப்பட வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

இங்கே பொறுப்பு யாருடையது? கையுறையைக் கொடுத்தும் மாட்டிக்கொள்ளாதவர் தம் பொறுப்பைத் தவறவிட்டவர். ஐயமில்லை. ஆனால் கையுறையே தராத தோட்டத்தில் "கவனமாக அடி" என்று சொல்வது அறிவுரையாகுமா? இரத்தத்தில் உள்ள நொதியை எந்தத் தொழிலாளி கண்ணால் பார்த்துக் கவனமாக இருப்பார்?

தெரிந்தால் மட்டும் போதுமா?

"எல்லோருக்கும் அறிவைப் புகட்டிவிட்டால் சட்டமே வேண்டாம்" என்பார் உண்டு. அறிவியல் இதழில் எழுதும் எனக்கு அப்படி நம்ப ஆசைதான். ஆனால் சான்று வேறுவிதமாக இருக்கிறது. பிரிட்டனில் காரின் முன்னிருக்கையில் உள்ளோர் பெல்ட் அணியும்படி பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார்கள். அணிந்தவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம்தான். 1983 ஜனவரி 31 முதல் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. விரைவிலேயே அது 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒரே மக்கள், ஒரே கார்கள், ஒரே அறிவு. சட்டம் வந்ததும் பழக்கம் வந்தது.

மறுபக்க வாதத்தையும் கேட்போம். 1975இல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பாதுகாப்புச் சாதனங்கள் வந்தால் ஓட்டுநர்கள் துணிந்து வேகமாக ஓட்டுவார்கள், பயன் போய்விடும் என்றார். பின்வந்த ஆய்வுகள் அவர் சொன்ன அளவுக்குப் பயன் அழியவில்லை என்றே காட்டின. எனினும் அவர் கூற்றில் நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. "அனுமதிச் சீட்டு இருக்கிறது, ஆகவே ஆபத்து இல்லை" என்று எண்ணத் தொடங்கினால் விதியே நம் கண்ணைக் கட்டிவிடும். சீட்டைப் பார்த்துத் தீ விலகிப் போகாது.

விடியுமுன் புறப்படும் ஜீப்

இனி, போடிமெட்டுச் சாலைக்கு வாருங்கள். விடியுமுன்னே போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்களில் இடுக்கி மாவட்டத்துக்குப் போகிறார்கள். மாலையில் கொண்டை ஊசி வளைவுகள் வழியே இறங்கி வருகிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆட்களோடு சேர்த்து 2000 கிலோ எடையுள்ள ஜீப் 1000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். அத்தனையையும் எஞ்சினும் பிரேக்கும்தான் வெப்பமாக்கி வெளியே விட வேண்டும். கூடுதலாக 500 கிலோவுக்கு ஆள் ஏற்றினால் இன்னும் 50 லட்சம் ஜூல். சுமை மேலே ஏற ஏற ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்னும் மோட்டார் வாகன விதிக்குப் பின்னே இருப்பது இந்தக் கணக்குத்தான்.

ஆனால், "அளவுக்கு மேல் ஆள் ஏறிய ஜீப்பில் ஏறாதே அம்மா" என்று ஒரு மாணவி தன் தாயிடம் சொன்னால் தாய் என்ன பதில் சொல்வார்? ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தேர்ந்தெடுக்க இடமில்லாத ஒருவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவது, பழியைச் சுமத்துவதற்கு இன்னொரு பெயர். இன்னொரு வண்டிக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் தோட்ட முதலாளி. வண்டியை நிறுத்தக்கூடியவர் சாலையில் நிற்கும் அதிகாரி. பொறுப்பின் அளவு, ஒருவரிடம் இருக்கும் அறிவையும் அதிகாரத்தையும் பொறுத்தது.

நம் பங்கு என்ன?

இப்போது என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத அபாயத்துக்கும், தனியொருவர் விலக்க முடியாத அபாயத்துக்கும் அரசு விதி இருந்தே தீர வேண்டும். அது ஏட்டோடு நில்லாமல் சாலையிலும் தோட்டத்திலும் காட்டு வாசலிலும் நடைமுறையில் இருக்க வேண்டும். விதி இல்லாத இடத்தில் பொறுப்பு குருடாகும். பொறுப்பு இல்லாத இடத்தில் விதி ஏட்டுச் சுரைக்காயாகும்.

உங்கள் பங்கு எங்கே தொடங்குகிறது? ஒரு விதியைக் கண்டால், "இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்பதில் தொடங்குகிறது. காரணம் தெரிந்த விதியை மீற மனம் வராது. காரணமே இல்லாத விதியாக இருந்தால் அதை மாற்றச் சொல்லும் உரிமையும் துணிவும் உங்களுக்கு வரும்.

அடுத்த விடுமுறையில் நண்பர்கள் மலைக்கு அழைத்தால், அனுமதி உண்டா, வழிகாட்டி யார், தீக்காலமா, தப்பும் வழி எது என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். புல்சரிவில் தீயைக் கண்டால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறையையோ ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலத்தையோ தேடுங்கள். டாட்ஜைப்போல் தீ மூட்டிப் பார்க்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வீட்டில் பூச்சிமருந்துப் புட்டி இருந்தால் அதன் முக்கோணம் என்ன நிறம் என்று இன்றே பாருங்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லுங்கள். மருந்து அடித்துவிட்டு வரும் தந்தையோ அண்ணனோ சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சாப்பிட உட்காரட்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நாளை விதிகளை எழுதும் நாற்காலியில் அமர்வீர்கள். சிலர் தோட்டம் வைத்திருப்பீர்கள். சிலர் ஜீப் ஓட்டுவீர்கள். அன்று உங்கள் சொல்லை நம்பி மலையேறப் போகிறவர்களுக்கு, நீங்கள் அறிந்ததையெல்லாம் அவர்கள் புறப்படுமுன்னே சொல்லிவிடுங்கள். தீ துரத்தும்போது சொன்னால் யாருக்கும் கேட்காது.